எல்லாவற்றுக்கும் ‘இஸ்ன்ட் இட்’ போதுமா?
ஆங்கில ஒட்டுக் கேள்விகள் – வணிகர்களுக்கு ஒரு பாடம்



சரக்கு, விலை, வரி, லாரி வாடகை என்று படித்துப் பழகிய இந்தப் பக்கங்களில் ஆங்கில இலக்கணம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். தவறான இடத்தில் ஒரே ஒரு ‘எஸ்’ சொன்னதால் பன்னிரண்டாயிரம் ரூபாய் இழந்தவன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டால் பாடம் எதற்கு என்பது தானே விளங்கிவிடும்.

1997-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய மாதம். வெளிமாநிலத்துப் பருப்பு மில் ஒன்றில் 80 மூட்டை துவரம் பருப்புக்கு ஆர்டர் போட்டிருந்தேன். நூறு கிலோ மூட்டை. விலை பேசி முடிந்துவிட்டது. பணம் இன்னும் அனுப்பவில்லை. லாரி கிடைக்காமல் நாலைந்து நாள் தள்ளிப்போனது. மில்லிலிருந்து மேனேஜர் போனில் கூப்பிட்டார். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆகவே ஆங்கிலத்தில்தான் பேச்சு. அவர் ஆங்கிலத்தை நன்றாகப் படித்தவர். பேச்சின் முடிவில் இப்படிக் கேட்டார்:

“யூ டோன்ட் வான்ட் டு கேன்சல் தி ஆர்டர், டூ யூ?”

ஆர்டரை ரத்து செய்ய விரும்பவில்லையே என்று கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. ‘ஆமாம், ரத்து செய்ய விரும்பவில்லை’ என்ற எண்ணத்தில் “எஸ் சார், எஸ் சார்” என்றேன். லைனில் ஒரே இரைச்சல். அவர் “ஓகே” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்தும் லாரி வரவில்லை. போன் செய்து கேட்டால், “நீங்கள்தானே கேன்சல் என்றீர்கள், சரக்கை வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டோம்” என்றார்கள். அதற்குள் மார்க்கெட்டில் குவிண்டாலுக்கு 150 ரூபாய் ஏறியிருந்தது. பண்டிகை நேரத்தில் கடைக்காரர்களுக்குச் சரக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஏறிய விலைக்கே வேறு இடத்தில் வாங்கினேன். 80 குவிண்டாலுக்கு 12,000 ரூபாய். அன்றைக்கு எங்கள் கடையில் ஒரு வேலையாளின் ஆறு மாதச் சம்பளம் அது.

பல நாள் அந்த மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பள்ளி ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர் விளக்கியபோதுதான் தெரிந்தது, தவறு அவருடையது அல்ல, என்னுடையது என்று. அவர் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்றால் ‘எஸ், ஐ வான்ட் டு கேன்சல்’ என்றுதான் பொருள். நான் சொல்லியிருக்க வேண்டியது ‘நோ’.

இது என் ஒருவனுக்கு நேர்ந்தது மட்டும் அல்ல. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும் நம் எல்லோருக்கும் வரக்கூடிய தவறு. இன்று வெளிமாநில மில்கள், நவி மும்பை இறக்குமதியாளர்கள், கம்பெனி மேனேஜர்கள், வங்கிக் குரல்கள் என்று ஆங்கிலம் பேச வேண்டிய இடங்கள் கூடிவிட்டன. ஆகவே இந்தச் சிறு பகுதியை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம்.

ஒட்டுக் கேள்வி என்றால் என்ன?

ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று உறுதி செய்துகொள்ள வாக்கியத்தின் முடிவில் ஒரு குட்டிக் கேள்வியை ஒட்டுகிறோம். பள்ளியில் இதைக் கொஸ்டின் டேக் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில் நாம் இதை நாள் முழுவதும் செய்கிறோம்.

“அண்ணாச்சி, சரக்கு வந்துவிட்டது அல்லவா?”
“நேற்றே பணம் கட்டிவிட்டீர்கள், இல்லையா?”
“மூட்டை ஐம்பது கிலோ தானே?”

இந்த ‘அல்லவா’, ‘இல்லையா’, ‘தானே’ எல்லாம் ஒட்டுக் கேள்விகள். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆள் யாராக இருந்தாலும், காலம் எதுவாக இருந்தாலும் இந்தச் சொற்கள் மாறுவதில்லை. குண்டூர் மிளகாய் வியாபாரி ‘கதா’ என்பார். கலபுரகியில் துவரை விற்பவர் ‘அல்வா’ என்பார். கொச்சியில் மிளகு விற்பவர் ‘அல்லே’ என்பார். இந்திக்காரர் ‘ஹை நா’ என்பார். எல்லா மொழியிலும் ஒரே சொல்லை எங்கும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. முன்னால் வரும் வாக்கியத்துக்கு ஏற்ப ஒட்டும் மாற வேண்டும். நாமோ தமிழ் வழக்கப்படி ஒரே ஒட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘இஸ்ன்ட் இட்’ போட்டுவிடுகிறோம். “யூ ஹேவ் சென்ட் தி பில், இஸ்ன்ட் இட்?” என்று கேட்கிறோம். கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனாலும் இலக்கணப்படி அது தவறு. சரியானது: “யூ ஹேவ் சென்ட் தி பில், ஹேவ்ன்ட் யூ?”

இனி விதிகளைப் பார்ப்போம். ஆறே விதிகள்தான்.

விதி 1: ஒரு தட்டில் உண்டு, மறு தட்டில் இல்லை

வாக்கியம் ‘உண்டு’ என்று சொன்னால் ஒட்டு ‘இல்லை’ வடிவில் வர வேண்டும். வாக்கியம் ‘இல்லை’ என்று சொன்னால் ஒட்டு ‘உண்டு’ வடிவில் வர வேண்டும். தராசின் இரண்டு தட்டு போல என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

“தி ரைஸ் இஸ் ஓல்ட், இஸ்ன்ட் இட்?” – அரிசி பழையது தானே?
“தி ரைஸ் இஸ்ன்ட் நியூ, இஸ் இட்?” – அரிசி புதியது இல்லையே?

தமிழில் இரண்டாவது கேள்விக்கு நாம் ‘இல்லையே’ என்று ஓர் ஏகாரத்தை இழுத்து முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘இஸ் இட்’ என்று உடன்பாட்டில் திருப்பிக் கேட்க வேண்டும்.

விதி 2: துணை வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும்

இஸ், ஆர், வாஸ், வேர், ஹேஸ், ஹேவ், ஹேட், வில், உட், கேன், குட், ஷுட் – இவற்றில் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் அதையே ஒட்டிலும் போட வேண்டும்.

“தி லாரி வில் கம் டுடே, வோன்ட் இட்?” – லாரி இன்று வரும் தானே?
“யூ கேன் கிவ் டென் டேஸ் கிரெடிட், கான்ட் யூ?” – பத்து நாள் கடன் கொடுக்க முடியும் அல்லவா?
“தி பேக்ஸ் வேர் வெட், வேர்ன்ட் தே?” – மூட்டைகள் நனைந்திருந்தன அல்லவா?
“ஹீ ஹேஸ்ன்ட் பெய்ட், ஹேஸ் ஹீ?” – அவர் பணம் கட்டவில்லையே?

வில் என்பது எதிர்மறையில் வோன்ட் ஆகும், கேன் என்பது கான்ட் ஆகும் என்பதைக் கவனியுங்கள்.

விதி 3: துணை வினை இல்லாவிட்டால் டூ, டஸ், டிட்

பல வாக்கியங்களில் துணை வினையே இருக்காது. அப்போது நிகழ்காலத்துக்கு டூ அல்லது டஸ், இறந்த காலத்துக்கு டிட் என்று வரும்.

“யூ செல் ஜாக்ரி, டோன்ட் யூ?” – நீங்கள் வெல்லம் விற்கிறீர்கள் தானே?
“ஹீ பேஸ் இன் கேஷ், டஸ்ன்ட் ஹீ?” – அவர் ரொக்கமாகக் கொடுப்பார் அல்லவா?
“யூ காட் தி மணி, டிட்ன்ட் யூ?” – பணம் கிடைத்தது அல்லவா?

இங்கே ஒரு சிக்கல். ஹேவ் என்பது சில நேரம் துணை வினை, சில நேரம் தானே முழு வினை. “யூ ஹேவ் சென்ட்” என்பதில் அது துணை. “யூ ஹேவ் எ கோடவுன்” என்பதில், உங்களிடம் குடோன் இருக்கிறது என்ற பொருளில், அதுவே முழு வினை. இந்த இடத்தில் இன்று பெரும்பாலோர் ‘டோன்ட் யூ’ என்றே ஒட்டுகிறார்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ்ன்ட் யூ’ என்றும் சொல்வதுண்டு. அதுவும் தவறல்ல. ஆனால் “யூ ஹேவ் டு பே டுடே”, அதாவது இன்று கட்டியாக வேண்டும் என்ற வாக்கியத்துக்கு ‘டோன்ட் யூ’ என்றே ஒட்டுங்கள்.

விதி 4: பெயருக்குப் பதில் பிரதிப்பெயர்

ஒட்டில் ஆள் பெயரோ சரக்கின் பெயரோ வராது. ஹீ, ஷீ, இட், தே, யூ, வீ, ஐ இவற்றில் ஒன்றுதான் வரும். சர்க்கரைக்கு ‘இட்’. மூட்டைகளுக்கு ‘தே’. மேனேஜர் ஆணானால் ‘ஹீ’, பெண்ணானால் ‘ஷீ’.

“தி மேனேஜர் சைன்ட் தி ரிசீட், டிட்ன்ட் ஹீ?”
“திஸ் இஸ் யுவர் சிக்னேச்சர், இஸ்ன்ட் இட்?” – இது உங்கள் கையெழுத்து தானே? திஸ், தட் இரண்டுக்கும் ‘இட்’ வரும்.
“தோஸ் ஆர் அவர் டின்ஸ், ஆர்ன்ட் தே?” – அவை நம் டின்கள் அல்லவா?
“தேர் இஸ் ஸ்டாக் இன் தி கோடவுன், இஸ்ன்ட் தேர்?” – குடோனில் இருப்பு இருக்கிறது அல்லவா? தேர் என்று தொடங்கினால் ஒட்டிலும் ‘தேர்’ வரும்.

எவ்ரிபடி, சம்படி, நோபடி என்று வந்தால் ஒட்டில் ‘தே’ வரும். “எவ்ரிபடி ஹேஸ் பெய்ட், ஹேவ்ன்ட் தே?” வாக்கியத்தில் ஹேஸ் இருக்க, ஒட்டில் ஹேவ் வருவது ‘தே’ என்பதற்காகத்தான்.

விதி 5: மறைந்திருக்கும் ‘இல்லை’

சில வாக்கியங்களில் ‘நாட்’ என்ற சொல் கண்ணில் படாது, ஆனால் பொருள் எதிர்மறையாக இருக்கும். நெவர், நோபடி, நத்திங், ஹார்ட்லி, செல்டம், ஃப்யூ, லிட்டில் ஆகிய சொற்கள் அப்படிப்பட்டவை. இவற்றுக்கு ஒட்டு உடன்பாட்டில் வர வேண்டும்.

“ஹீ நெவர் பேஸ் ஆன் டைம், டஸ் ஹீ?” – அவர் ஒருநாளும் தவணையில் கட்டுவதில்லையே?
“நத்திங் இஸ் டேமேஜ்ட், இஸ் இட்?” – எதுவும் சேதமாகவில்லையே?
“தேர் இஸ் ஹார்ட்லி எனி ஸ்டாக், இஸ் தேர்?” – இருப்பு ஏறக்குறைய ஒன்றுமே இல்லையே?

லிட்டில் என்பதில் மிகவும் கவனம் தேவை. “தேர் இஸ் லிட்டில் டிமாண்ட்” என்றால் கிராக்கி இல்லை என்று பொருள். “தேர் இஸ் எ லிட்டில் டிமாண்ட்” என்றால் கொஞ்சம் கிராக்கி இருக்கிறது என்று பொருள். முன்னதற்கு ‘இஸ் தேர்’, பின்னதற்கு ‘இஸ்ன்ட் தேர்’. நடுவில் ஓர் ‘எ’ விழுந்ததும் இல்லாதது இருப்பதாகிவிட்டது. விலை பேசும்போது இந்த ‘எ’ காதில் விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்யூ, எ ஃப்யூ இரண்டுக்கும் இதே வித்தியாசம்தான்.

விதி 6: விதிக்கு அடங்காத சில

“ஐ ஆம் லேட்” என்பதற்கு ‘ஆம்ன்ட் ஐ’ என்று சொல்ல முடியாது. “ஐ ஆம் லேட், ஆர்ன்ட் ஐ?” என்பதே வழக்கு.

“லெட்ஸ் செட்டில் தி அக்கவுன்ட், ஷல் வீ?” – கணக்கை முடித்துக்கொள்வோமா? லெட்ஸ் என்று தொடங்கினால் ‘ஷல் வீ’.

“சென்ட் தி பில், வில் யூ?” – ஏவல் வாக்கியத்துக்கு ‘வில் யூ’. “டோன்ட் டிலே, வில் யூ?” என்பதிலும் ‘வில் யூ’ தான்.

“ஐ திங்க் தி ரேட் வில் ஃபால், வோன்ட் இட்?” – விலை இறங்கும் என்று நினைக்கிறேன், இறங்கும் தானே? இங்கே ஒட்டு ‘ஐ திங்க்’ என்பதற்கு அல்ல, பின்னால் வரும் ரேட்டுக்கு.

வாட்ஸ்அப்பில் எழுத்தைச் சுருக்கி எழுதுகிறார்கள். ‘ஹீ’ என்பதோடு ‘ஸ்’ மட்டும் சேர்ந்து ‘ஹீஸ்’ என்று வந்தால் அது ‘ஹீ இஸ்’ ஆகவும் இருக்கலாம், ‘ஹீ ஹேஸ்’ ஆகவும் இருக்கலாம். “ஹீஸ் பேயிங், இஸ்ன்ட் ஹீ?” என்றால் கட்டிக்கொண்டிருக்கிறார். “ஹீஸ் பெய்ட், ஹேஸ்ன்ட் ஹீ?” என்றால் கட்டிவிட்டார். பணம் வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா என்ற வித்தியாசம் இதில் இருக்கிறது.

குரலைக் கவனியுங்கள்

பள்ளியில் நன்னூல் வழியாக ஆறு வகை வினாக்களைப் படித்திருப்பீர்கள்: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கொளல் வினாவுக்குக் கடைக்காரரிடம் பருப்போ பயறோ இருக்கிறதா என்று கேட்பதையே உதாரணமாகக் காட்டுவார்கள். நம் தொழில் அப்போதே இலக்கணத்தில் ஏறிவிட்டது.

ஆங்கில ஒட்டுக் கேள்வியிலும் வகை உண்டு. அது குரலில் தெரியும். ஒட்டைச் சொல்லும்போது குரல் இறங்கினால், கேட்பவருக்கு விடை ஏற்கனவே தெரியும். நீங்கள் ஆமோதித்தால் போதும் என்று நினைக்கிறார். குரல் ஏறினால் அவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்கிறது.

“தி லாரி ஹேஸ் லெஃப்ட், ஹேஸ்ன்ட் இட்?” என்று குரலை இறக்கிக் கேட்டால், லாரி கிளம்பிவிட்டது என்று நம்பி அவர் ஆட்களை வரச் சொல்லியிருக்கலாம். கிளம்பவில்லை என்றால் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குரலை ஏற்றிக் கேட்டால் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். லாரி நம்பர், கிளம்பிய நேரம் எல்லாம் சொல்லிவிடுவது நல்லது.

பதில் சொல்லும் முறை – இதுதான் முக்கியம்

ஒட்டுக் கேள்வியைத் தவறாகக் கேட்டால் நஷ்டம் இல்லை. மிஞ்சினால் ஆங்கிலம் சரியில்லை என்பார்கள். தவறாகப் பதில் சொன்னால்தான் பணம் போகும். என் பணம் போனதும் அப்படித்தான்.

தமிழில் ‘ஆமாம்’ என்றால் ‘நீங்கள் சொல்வது சரி’ என்று பொருள். “சரக்கு வரவில்லையா?” என்று கேட்டால், வராத பட்சத்தில் “ஆமாம், வரவில்லை” என்கிறோம். வந்துவிட்டிருந்தால் “இல்லையே, வந்துவிட்டதே” என்கிறோம். கேட்டவர் சொன்னது சரியா, தவறா என்று பார்த்து நம் பதில் அமைகிறது.

ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்பது கேட்டவரைப் பார்த்து வருவதில்லை. காரியம் நடந்திருந்தால் ‘எஸ்’. நடக்காவிட்டால் ‘நோ’. கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் இது மாறாது.

கேள்வி: “யூ ஹேவ்ன்ட் சென்ட் தி கூட்ஸ், ஹேவ் யூ?” – சரக்கு அனுப்பவில்லையே?
அனுப்பாவிட்டால்: “நோ, வீ ஹேவ்ன்ட்.” தமிழில்: ஆமாம், அனுப்பவில்லை.
அனுப்பிவிட்டால்: “எஸ், வீ ஹேவ்.” தமிழில்: இல்லையே, அனுப்பிவிட்டோமே.

தமிழ் ‘ஆமாம்’ வரும் இடத்தில் ஆங்கில ‘நோ’ வருகிறது. தமிழ் ‘இல்லை’ வரும் இடத்தில் ஆங்கில ‘எஸ்’ வருகிறது. எதிர்மறைக் கேள்வியில் மட்டும்தான் இப்படி. “யூ ஹேவ் சென்ட் தி கூட்ஸ், ஹேவ்ன்ட் யூ?” என்று உடன்பாட்டில் தொடங்கினால் குழப்பம் இல்லை, இரண்டு மொழியிலும் பதில் ஒன்றுதான்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட வாய்ப்பாடு இது: கேட்டவரைப் பார்க்காதே, சரக்கைப் பார். சரக்கு போயிருந்தால் எஸ், போகாவிட்டால் நோ. பணம் வந்திருந்தால் எஸ், வராவிட்டால் நோ. ரத்து செய்ய வேண்டுமானால் எஸ், வேண்டாமானால் நோ.

இதைவிட ஆபத்தான கேள்வி ஒன்று உண்டு. பணம் தர வேண்டிய பார்ட்டி போனில் கேட்கிறார்:

“யூ டோன்ட் மைண்ட் இஃப் ஐ பே நெக்ஸ்ட் வீக், டூ யூ?”

அடுத்த வாரம் பணம் கொடுத்தால் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்கிறார். உங்களுக்கு அது சம்மதம் இல்லை. ‘முடியாது’ என்ற நினைப்பில் “நோ, நோ” என்று சொன்னால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் அது ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஆகிவிடும். நீங்களே ஒரு வாரம் கடன் நீட்டித்துக் கொடுத்தவர் ஆகிறீர்கள். “பட் யூ செட் நோ” என்று அவர் பிறகு சொன்னால் அவர் மேல் குறை சொல்ல முடியாது. மைண்ட் என்ற சொல் காதில் விழுந்தால் அங்கே எஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். “ஐ நீட் தி மணி திஸ் வீக்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எதிரில் பேசுபவரும் நம்மைப்போலவே தன் தாய்மொழியில் யோசித்து ஆங்கிலம் பேசுபவராக இருக்கலாம். இந்தியிலும் “ஹான், நஹீன்” என்று சேர்த்துப் பேசும் வழக்கம் உண்டு. அவர் ‘எஸ்’ என்றால் ஆங்கில முறையில் சொன்னாரா, நம் முறையில் சொன்னாரா என்று எப்படித் தெரியும்? தெரியாது. அதனால்தான் 1997-க்குப் பிறகு எங்கள் கடையில் மூன்று பழக்கங்களை வைத்திருக்கிறோம்.

ஒன்று: வெறும் எஸ், நோ சொல்வதில்லை. முழு வாக்கியமாகவே சொல்வது. “நோ, ஐ டோன்ட் வான்ட் டு கேன்சல். ஐ வான்ட் தி எய்ட்டி பேக்ஸ்.” எஸ், நோ தவறிப் போனாலும் பின்னால் வரும் வாக்கியம் காப்பாற்றிவிடும்.

இரண்டு: பேச்சின் முடிவில் சரக்கு, அளவு, விலை, தேதி நான்கையும் திருப்பிச் சொல்வது. அவர் வாயாலும் சொல்லச் சொல்வது.

மூன்று: போனை வைத்ததும் அதையே நாலு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அந்தக் காலத்தில் தந்தியும் கடிதமும் அனுப்பினோம். இன்று செலவில்லாமல் முடிகிறது. பிற்பாடு தகராறு வந்தாலும் எழுத்து இருக்கும்.

மரியாதையும் உண்டு, உறுத்தலும் உண்டு

“யூ வில் பே டுமாரோ” என்று மட்டும் சொன்னால் அதிகாரம் செய்வதுபோல் இருக்கும். “யூ வில் பே டுமாரோ, வோன்ட் யூ?” என்றால் தணிந்து கேட்பதுபோல் இருக்கும். பாக்கி வசூலுக்கு இது உதவும்.

ஆனால் எதிர்மறையில் தொடங்கும் ஒட்டுக் கேள்வி குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கலாம். “யூ டிட்ன்ட் வெய் தி பேக்ஸ், டிட் யூ?” என்றால் ‘நீ எடை போட்டுப் பார்க்கவில்லை தானே’ என்று கேட்பது போன்றது. நல்ல பார்ட்டியிடம் “டிட் யூ வெய் தி பேக்ஸ்?” என்று நேராகக் கேட்பதே மரியாதை.

சில நேரம் இரண்டு தட்டிலும் ‘உண்டு’ வரும். “ஸோ யூ ஹேவ் இன்க்ரீஸ்ட் தி ரேட், ஹேவ் யூ?” இது இலக்கணப் பிழை அல்ல. ‘ஓகோ, விலையை ஏற்றிவிட்டீர்களோ’ என்ற தொனி அது. சொல்பவர் கோபத்திலோ கிண்டலிலோ இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். நாமாக இதைப் பயன்படுத்த வேண்டாம்.

அப்படியானால் ‘இஸ்ன்ட் இட்’ கூடவே கூடாதா?

நமக்குள் பேசும்போது ‘இஸ்ன்ட் இட்’ போட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. லண்டனில் இளைஞர்களே எல்லா வாக்கியத்துக்கும் ‘இன்னிட்’ என்று ஒட்டிப் பேசுகிறார்கள். ஆனால் அது தெருப் பேச்சு. கடிதத்திலும், தேர்விலும், ஏற்றுமதி பார்ட்டியிடம் பேசும்போதும் செல்லாது.

பேச்சு வேகத்தில் சரியான ஒட்டு நாக்கில் வராவிட்டால் ஒரு வழி உண்டு. வாக்கியத்தைச் சொல்லி ‘ரைட்?’ என்றோ ‘இஸ் தட் கரெக்ட்?’ என்றோ முடித்துவிடுங்கள். “யூ ஹேவ் சென்ட் தி பில். இஸ் தட் கரெக்ட்?” இது நம் ‘சரிதானே’ போல எல்லா இடத்துக்கும் பொருந்தும், தவறும் இல்லை.

பயிற்சி

கீழே உள்ள வாக்கியங்களுக்கு ஒட்டுக் கேள்வி சேர்த்துப் பாருங்கள். விடைகளைப் பிறகு பாருங்கள்.

1. தி ஷுகர் இஸ் ட்ரை, ...
2. யூ டிட்ன்ட் சைன் தி ரிசீட், ...
3. தே செல் பாமாயில், ...
4. தேர் ஆர் டென் டின்ஸ், ...
5. ஹீ நெவர் டேக்ஸ் கிரெடிட், ...
6. லெட்ஸ் வெய் இட் அகெய்ன், ...
7. யூ ஹேவ் டு கிவ் எ பில், ...
8. நோபடி ஹேஸ் டச்ட் தி பேக்ஸ், ...
9. “யூ டோன்ட் நீட் மோர் ரைஸ், டூ யூ?” – உங்களுக்கு அரிசி வேண்டும். பதில் என்ன?
10. “தி மணி ஹேஸ்ன்ட் கம், ஹேஸ் இட்?” – பணம் வரவில்லை. பதில் என்ன?

விடைகள்: 1. இஸ்ன்ட் இட்? 2. டிட் யூ? 3. டோன்ட் தே? 4. ஆர்ன்ட் தேர்? 5. டஸ் ஹீ? 6. ஷல் வீ? 7. டோன்ட் யூ? 8. ஹேவ் தே? 9. எஸ், ஐ டூ. ஐ நீட் மோர் ரைஸ். 10. நோ, இட் ஹேஸ்ன்ட் கம்.

முதல் எட்டில் இரண்டு மூன்று தவறினாலும் பாதகமில்லை, பேசப் பேச வந்துவிடும். ஒன்பதும் பத்தும் தவறினால் மட்டும் ‘பதில் சொல்லும் முறை’ என்ற பகுதியை இன்னொரு முறை படியுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லி நீங்கள் பதில் சொல்லிப் பழகலாம். கடையில் போன் எடுக்கும் பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஆர்டர் பெரும்பாலும் அவர்கள் காதில்தான் முதலில் விழுகிறது.